பெண்கள் குமித்தே: பார்க்க உட்காரும் முன் உறவினர்கள் கேட்கும் கேள்விகள்

என் மகள் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கராத்தே வகுப்பில் சேர்த்தோம். இப்போது உயர்நிலை நான்கு. முதல் சில ஆண்டுகள் போட்டிக்குப் போட்டி தண்ணீர்ப் புட்டியும் வாழைப்பழமும் சுமந்துகொண்டு போனேன். ஒருநாள் ஆள் போதவில்லை என்று மேசையில் உட்காரவைத்தார்கள். அன்று முதல் புள்ளிப் பலகையை இயக்கும் தொண்டூழியர் ஆகிவிட்டேன்.

ஆசிய விளையாட்டுப் போட்டி வரும்போதெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்விகள் வரும். சித்தப்பா கேட்பது, மாமி கேட்பது, வகுப்புக்குப் புதிதாகப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் கேட்பது எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை இதை அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கோப்பி குடிக்கலாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலகக் கராத்தே சம்மேளனம் விதிகளை அடிக்கடித் திருத்தும். இங்கே உள்ள கணக்குகள் தோக்கியோ ஒலிம்பிக் நடந்த முறையை ஒட்டியவை.

குமித்தே என்றால் என்ன? கராத்தே என்றாலே சண்டைதானே?

போட்டிக் கராத்தேயில் இரண்டு உண்டு. கட்டா, குமித்தே. கட்டா தனியாள் ஆட்டம். எதிரி இருப்பதாக எண்ணிக்கொண்டு வரிசைப்படுத்திய அசைவுகளைச் செய்துகாட்ட வேண்டும். தோக்கியோவில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. குமித்தேயில் எதிரே ஆள் நிற்பார். 8 மீட்டருக்கு 8 மீட்டர் மெத்தை, சுற்றிலும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடம், 3 நிமிடம். ஒருவர் சிவப்புப் பட்டை, மற்றவர் நீலப் பட்டை. ஜப்பானிய மொழியில் ஆகா, ஆவோ என்பார்கள். அறிவிப்பில் பெயரைவிட இந்த இரண்டு சொல்தான் அதிகம் காதில் விழும்.

உண்மையிலேயே அடிக்கிறார்களா, அடிப்பதுபோல் நடிக்கிறார்களா?

சித்தப்பாவின் கேள்வி இது. குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர். முகத்துக்கு நேரே கை போகிறது, எதிராளி விழவில்லை, ஆனால் புள்ளி கொடுக்கிறார்கள், இது என்ன ஏமாற்று என்று கேட்டார்.

நடிப்பு ஒன்றும் கிடையாது. உடம்பில் பாதுகாப்புக் கவசம் இருக்கிறது, அங்கே விழும் அடி ஓரளவு உறைக்கும். முகம், தலை, கழுத்து என்றால் கதை வேறு. முழு வேகத்தில் கிளம்பிய கை, தோலைத் தொடும் இடத்தில் நின்றுவிட வேண்டும். பெரியவர்கள் பிரிவில் முகத்தைத் தொடும் அளவு அனுமதி உண்டு. தொண்டையை அந்த அளவுகூடத் தொடக்கூடாது. காயப்படுத்தும் அளவுக்கு அடித்தால் அடித்தவருக்குத்தான் தண்டனை. ஓங்குவது எல்லோருக்கும் வரும், ஓங்கியதை அந்த ஒரு விரற்கடைத் தூரத்தில் நிறுத்துவதற்குத்தான் வருடக்கணக்கில் பயிற்சி.

இது எவ்வளவு கறாரான விதி என்பதற்கு ஆண்கள் பிரிவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். தோக்கியோவில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிச் சுற்று. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேவுக்கு ஓர் உதை விட்டார். அது கழுத்துப் பக்கம் பட்டு, கஞ்ச்சாதே நினைவிழந்து கீழே விழுந்தார். தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். குத்துச்சண்டையாக இருந்தால் அத்தோடு ஹமேதிக்குத் தங்கம். இங்கே அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம், விழவைத்தவருக்கு வெள்ளி. அன்று இணையத்தில் பாதிப் பேர் கொதித்தார்கள். மேசையில் உட்கார்ந்து பழகிய எனக்கு அந்த முடிவில் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஹமேதியின் முகத்தைப் பார்த்து வருத்தம் வந்தது என்பதும் உண்மை.

புள்ளிக் கணக்கு எப்படி?

கையால் குத்தினாலோ வெட்டினாலோ, தலையோ உடம்போ, 1 புள்ளி. பெயர் யூக்கோ. உடம்புக்கு உதை 2 புள்ளி, வசாரி. தலைக்கு உதை 3 புள்ளி, இப்பொன். எதிராளியைச் சட்டென்று வாரிக் கீழே விழவைத்து, உடனே ஓர் அடி போட்டுக்காட்டினால் அதுவும் 3. யாராவது 8 புள்ளி வித்தியாசம் எடுத்துவிட்டால் நேரம் மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

பட்டால் மட்டும் போதாது. அடி வடிவாக இருக்க வேண்டும், வேகம் வேண்டும், சரியான தருணம், சரியான தூரம், விளையாட்டு மனப்பான்மை, எல்லாவற்றுக்கும் மேல் ஸன்ஷின். அடித்த பிறகும் கண்ணை எதிராளியிடமிருந்து எடுக்காத விழிப்புதான் ஸன்ஷின். அடித்துவிட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தால் புள்ளி போய்விடும். என் மகள் ஒன்பது வயதில் அப்படி ஒன்றைக் கோட்டைவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பார்வை படும் பக்கம் நான் உட்காருவதே இல்லை.

நான்கு மூலையிலும் நான்கு நடுவர்கள் சிவப்பு, நீலக் கொடிகளோடு இருப்பார்கள். இரண்டு பேராவது ஒரே பக்கம் கொடி காட்டினால்தான் புள்ளி. மெத்தையில் நிற்கும் நடுவர் தானாகப் புள்ளி தர முடியாது. பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அட்டையைத் தூக்கிக் காணொளி மறுபார்வை கேட்கலாம். அவர் கேட்டது தவறு என்று ஆகிவிட்டால் அந்த அட்டை பறிபோகும், அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. எதைப் பார்ப்பது?

காலைப் பாருங்கள்.

எல்லோரும் கையைப் பார்ப்பார்கள். நானும் இரண்டு வருடம் கையைத்தான் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. கை புறப்படும்போது பாதி முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது. இருவரும் துள்ளிக்கொண்டே இருக்கிறார்களே, அது அழகுக்கு இல்லை. ஒவ்வொரு துள்ளலிலும் ஒருவர் அரைச் சாண் உள்ளே வருகிறார், மற்றவர் அரைச் சாண் விலகுகிறார். என் கை உன்னை எட்டும், உன் கை என்னை எட்டாது என்ற ஓர் எட்டத்தைத் தேடுகிறார்கள். ஆட்டம் மொத்தமும் அந்த எட்டத்தைப் பிடிக்கும் வேலைதான். எட்டம் கிடைத்தவர் அடித்துவிடுவார். கிடைத்தும் தயங்கியவர் அடுத்த நொடி அடிவாங்குவார்.

சிலம்பம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பைத் தொடுமுன் வாத்தியார் காலடி வைக்கத்தானே சொல்லித்தருகிறார். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஊரில் தாத்தாவிடம் இரண்டு விடுமுறைக்குச் சிலம்பம் பழகிவிட்டு வந்தது. கராத்தே முறையில் குத்தத் தெரியாது, உதை இடுப்புக்கு மேலே போகாது. ஆனால் முதல் நாளே யாராலும் அந்தப் பிள்ளையைத் தொட முடியவில்லை. எங்கள் ஆசிரியர், சென்செய் என்போம், ஓரமாக நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு வழி சொல்கிறேன். ஒரு சுற்று முழுக்க முன்கால் பெருவிரலை மட்டும் பாருங்கள். அடிக்கக் கிளம்புமுன் சிலருக்கு அந்த விரல் மெத்தையைக் கவ்வும். அந்தக் கவ்வலை எதிராளியும் படித்துவிடுவார். நல்ல வீராங்கனைகள் அதை மறைக்கப் பழகியவர்கள். பெரிய போட்டிகளில் கேமரா காலைக் காட்டாமல் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தீராத எரிச்சல்.

இரண்டு நிமிடமாகப் புள்ளியே விழவில்லை. பயந்துபோய் ஆடுகிறார்களா?

மாமி, நீங்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் புள்ளி விழாத ஆட்டம்தான் சில சமயம் நெஞ்சை அடைக்கும். தோக்கியோவில் 61 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் இறுதிச் சுற்றில் எகிப்தின் ஃபெரியால் அப்துல் அஜீஸ் அஜர்பைஜானின் இரினா ஸரெத்ஸ்காவை 2-0 என்றுதான் வென்றார். மொத்தமே இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியில்தான் எகிப்துப் பெண் ஒருவருக்கு முதன்முதலாக ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. அதே போட்டியில் 55 கிலோ இறுதியில் பல்கேரியாவின் இவெத் கொரானொவா 5-1 என்று உக்ரேனின் அன்ஷெலிகா தெர்லியுகாவை வென்றார். அதைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

சும்மா ஓடிக்கொண்டே நேரம் கடத்தவும் முடியாது. சண்டையைத் தவிர்த்தால் எச்சரிக்கை, எல்லைக் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, தன்னைக் காத்துக்கொள்ளாமல் கண்மூடித்தனமாகப் பாய்ந்தாலும் எச்சரிக்கை. எச்சரிக்கைகள் சேர்ந்துகொண்டே போனால் கடைசியில் ஹன்சோக்கு, அதாவது தகுதிநீக்கம். 15 வினாடி மிச்சம் இருக்கும்போது ஓர் ஒலி கேட்கும். அதற்குப் பிறகு தேநீர் எடுக்க எழுந்துபோகாதீர்கள்.

சமமாக முடிந்தால் யாருக்கு வெற்றி?

எதிராளி புள்ளி எடுக்காதபோது முதல் புள்ளியை எடுத்தவருக்கு சென்ஷு என்றொரு முன்னுரிமை கிடைக்கும். பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் தெரியும். சமமானால் அவருக்கே வெற்றி. கடைசி நொடிகளில் ஓடி ஒளிந்தால் சென்ஷுவைப் பிடுங்கிவிடுவார்கள். சென்ஷுவும் இல்லை என்றால் ஹந்தேய்: நடுவர்கள் ஒரே நேரத்தில் கொடி தூக்கி யார் நன்றாக ஆடினார் என்று சொல்வார்கள்.

கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக்கூடாது என்று ஒரு பழைய வாக்கு உண்டு. 1922இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோ வந்து இந்தக் கலையைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனகோஷி வழியாக வந்த வாக்கு. எங்கள் கூடத்துச் சுவரிலும் அது எழுதியிருக்கிறது. அதன் கீழேயே நின்றுகொண்டு, முதலில் அடித்து சென்ஷு எடு என்று சென்செய் கத்துவார். பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகவே படுவதில்லை, எனக்குத்தான் படுகிறது.

பெண்களுக்கு எப்போதிலிருந்து இது இருக்கிறது?

உலகப் போட்டியில் பெண்கள் குமித்தே 1982இல் தைப்பேயில் தொடங்கியது. அதற்கு முந்திய 1980 மட்ரிட் போட்டியில் பெண்களுக்குக் கட்டா மட்டும். ஆசிய விளையாட்டுகளில் கராத்தே 1994 ஹிரோஷிமாவில் நுழைந்தது. முன்பு ஆண்களுக்கு 3 நிமிடமும் பெண்களுக்கு 2 நிமிடமும் என்று இருந்தது. இப்போது இருவருக்கும் 3 நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பெண்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று நினைத்தால் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை.

எடைப் பிரிவுகள் எத்தனை?

பெண்களுக்கு ஐந்து: 50 கிலோவுக்குள், 55, 61, 68, அதற்கு மேல். ஒலிம்பிக்கில் இடம் கொஞ்சம்தான் கிடைத்தது என்பதால் மூன்றாகச் சுருக்கினார்கள். 50ம் 55ம் ஒன்றாகி 55, நடுவில் 61, மேலே உள்ள இரண்டும் சேர்ந்து 61க்கு மேல். அதனால் 50 கிலோ பெண்கள் தங்களைவிடக் கனமானவர்களோடு மோத வேண்டியதாயிற்று. வழக்கமாக 50 கிலோவில் ஆடும் ஆஸ்திரியாவின் பெட்டினா பிளாங்க் அப்படி மேலே ஏறிப் போய் வெண்கலம் வாங்கினார். எட்டத்தைப் பற்றிச் சொன்னேனே, அது கைவந்தால் இதுவும் நடக்கும்.

பிள்ளைகளுக்கு எடை குறைப்பது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டுப் பதக்கம் வாங்கி என்ன செய்யப் போகிறோம்? ஒரு பிரிவு மேலே போய்த் தோற்றுவிட்டு வரட்டும்.

ஏன் இரண்டு வெண்கலம்?

தோக்கியோவில் பெண்களின் ஒவ்வோர் எடைக்கும் பத்துப் பேர், ஐந்து ஐந்தாக இரண்டு குழு. குழுவில் எல்லோரோடும் எல்லோரும் ஆடி, முதல் இரண்டு பேர் அரையிறுதிக்குப் போனார்கள். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். மற்றப் பல போட்டிகளில் தோற்றவர் வெளியேறும் முறைதான். ஆனால் உங்களைத் தோற்கடித்தவர் இறுதிச் சுற்றுக்குப் போனால், உங்களை மறுவாய்ப்புக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதில் வென்றுகொண்டே போனால் வெண்கலம். அதனால்தான் காலையில் தோற்ற பிள்ளைகள் சீருடையைக் கழற்றாமல், தங்களைத் தோற்கடித்தவருக்கே கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல்முறை பார்த்தபோது என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். மகள்தான் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள்.

நம் பிள்ளைகள் யாராவது பெரிய மேடையில் வென்றிருக்கிறார்களா?

பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். மலேசியாவின் ஷாமளாராணி சந்திரன் 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் பெண்கள் 50 கிலோ குமித்தேயில் தங்கம் வென்றார். கோவிட் காரணமாக ஓராண்டு தள்ளிப்போன போட்டி அது, பெயரில் மட்டும் 2022 என்று இருக்கும். அந்த வாரம் எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் கைப்பேசியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பத்து வயதுப் பெண், "இவங்க பேரு எங்க அத்தை பேரு மாதிரியே இருக்கு" என்றாள். அவளுடைய அம்மா அடுத்த மாதமே அவளுக்குச் சொந்தமாகக் கையுறை வாங்கிக்கொடுத்தார். அதுவரை கூடத்துக் கையுறைதான், அதன் வாடையைப் பற்றி எழுதாமல் விடுவது நல்லது.

மூக்குத்தி போட்டுக்கொண்டு ஆடலாமா? நீள முடி?

உலோகம் எதுவும் கூடாது. தோடு, மூக்குத்தி, கொலுசு, கையில் கட்டிய காப்பு, எல்லாம் கழற்ற வேண்டும். மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் விடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். மகளுக்கு மூக்குக் குத்தி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திருகாணி இறுகிப்போய்க் கிடந்தது. அழைப்புக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அதிகாரி விரலால் சைகை காட்டினார், கழற்று என்று. கழிவறைக் கண்ணாடி முன் நிறுத்தி, கைகழுவும் சோப்பைத் தடவி நான் திருக, அவள் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பாட்டி ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து சின்னத் தைலப் புட்டியை எடுத்து நீட்டினார். இரண்டு சொட்டு. திருகாணி கழன்று, தொட்டிக்குள் விழுந்து, குழாய் ஓட்டைக்குப் போய்விட்டது. தங்கம். அன்று முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டிக் காலத்தில் மூக்குக் குத்த வேண்டாம், அவ்வளவுதான்.

முடி நீளமாக இருக்கலாம். ஒற்றைக் குதிரைவாலாகவோ பின்னலாகவோ இறுக்கி ரப்பர் வளையம் போடலாம். ஊசி, கிளிப், மணி, ரிப்பன் கூடாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கண்ணாடிக்கு அனுமதி இல்லை, மென்மையான லென்ஸ் சொந்தப் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். முக்காடு அணியும் பெண்களுக்குச் சம்மேளனம் ஒப்புதல் அளித்த துணி வகை இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு தாராளமாக ஆடலாம்.

என்னென்ன கவசம் தேவை?

கையுறை, கணுக்கால் முதல் முழங்கால் வரை காக்கும் கவசம், பாத உறை, உடம்புக் கவசம், பெண்களுக்கு மார்புக் கவசம் கட்டாயம். அப்புறம் பல்லுறை. சின்னப் பிள்ளைகளுக்கு முகக் கவசமும் உண்டு.

பல்லுறை வாங்கியதும் அப்படியே வாயில் வைக்க முடியாது, வீட்டில் சமைக்க வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரில் பெட்டியில் சொன்ன நேரம் போட்டு எடுத்து, ஒரு நொடி ஆறவிட்டு, கடித்து, நாக்கால் உள்பக்கம் அழுத்தி, கன்னத்தை உறிஞ்சி வைத்திருக்க வேண்டும். சரியாக வந்தால் வாயைத் திறந்தாலும் கீழே விழாது. முதல்முறை நான் கூடுதல் நேரம் விட்டு, அது தோசைக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை மகளே செய்துகொண்டாள்.

இன்னொன்றை அம்மாக்கள் தயங்கித் தயங்கித் தனியாகக் கேட்பார்கள், நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீருடை வெள்ளை. மாதவிடாய் நாளில் பிள்ளைகளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். உள்ளே இறுக்கமான கால்சட்டை ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வது. பையில் எப்போதும் இரண்டாவது சீருடை இருக்கட்டும். பெண் தொண்டூழியர் யாரிடமாவது சொன்னால் போதும், பார்த்துக்கொள்வார்கள்.

அடிபட்டு விழுந்தால்?

நடுவர் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுவார். விழுந்தவர் 10 வினாடிக்குள் எழுந்து நிற்கவில்லை என்றால் அந்தப் போட்டியின் குமித்தேயிலிருந்தே விலக்கிவிடுவார்கள், அவர் எவ்வளவு கெஞ்சினாலும். மூக்கில் ரத்தம், உதட்டில் கீறல், காலில் நீலம் பாரித்தல் இவை வழக்கமாக வரும். வராது என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

படாத அடிக்குப் புரண்டு அழுதால் அதற்கும் தண்டனை உண்டு. அளவுக்கு மீறி நடித்தால் தகுதிநீக்கம் வரை போகலாம். கால்பந்துக்கு இந்த விதியைக் கடன் கொடுத்தால் சித்தப்பாவின் பாதி ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தேக்குவாண்டோவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அங்கே தலைக் கவசமும் மின்னணு உணரியும் உண்டு, பட்டதைக் கருவியே சொல்லும். இங்கே மனிதக் கண்தான். அதனால் சண்டை சச்சரவும் இங்கேதான் அதிகம்.

ஒலிம்பிக்கில் மறுபடி வருமா?

தோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 5 முதல் 7 வரை, நிப்போன் புடோக்கானில் நடந்ததுதான் இதுவரை கராத்தேயின் ஒரே ஒலிம்பிக். 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலிஸிலும் இல்லை. அங்கே கிரிக்கெட் வருகிறது, ஸ்குவாஷ் வருகிறது. வீட்டில் என் கணவருக்குக் கொண்டாட்டம், மகளுக்குத் துக்கம். இப்போதைக்கு ஆசிய விளையாட்டு, தென்கிழக்காசிய விளையாட்டு, உலகப் போட்டி, உலக விளையாட்டுகள் இவைதான் பெரிய மேடைகள். காமன்வெல்த் விளையாட்டுகளில் கிடையாது.

சிங்கப்பூரில் நேரில் பார்க்க முடியுமா?

2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளை நாம் நடத்தியபோது 36 விளையாட்டுகள் இருந்தன, கராத்தே அதில் இல்லை. 2029இல் மறுபடி நாம்தான் நடத்துகிறோம். அதற்காகக் காத்திருக்காமல் உள்ளூர்ப் போட்டிக்கு வாருங்கள். ஒரே மண்டபத்தில் நான்கைந்து மெத்தையில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். கூச்சலில் யார் எங்கே என்று புரியாது. மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால், நான் சொன்ன அந்தக் காலடி தெளிவாகத் தெரியும். மெத்தையில் பாதம் உரசும் சத்தம்கூடக் கேட்கும்.

பெண் பிள்ளைக்குத் தற்காப்புக்கு உதவுமா?

பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். கொஞ்சம் உதவும். ஆள் நெருங்கி வரும்போது உடம்பு உறைந்து போகாது. அடிவாங்கிய அனுபவம் இருப்பதால் அடிக்குப் பதறாது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைக் கண் தானாக அளந்துகொள்ளும். மின்தூக்கியில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஏறினால் என் மகள் எங்கே நிற்கிறாள் என்று கவனித்திருக்கிறேன். அவளுக்கே அது தெரியாது. ஆனால் குமித்தேயில் நிறுத்தப் பழகுகிறோம், நடுவர் இருக்கிறார், மெத்தை இருக்கிறது. தெருவில் மூன்றும் இல்லை. தற்காப்பு மட்டும்தான் நோக்கம் என்றால், சத்தம் போட்டு உதவி கேட்டு ஓடுவதை முதலில் சொல்லிக்கொடுங்கள். கராத்தேயில் அடிக்கும்போது கத்தச் சொல்வார்களே, அந்தத் தொண்டை அங்கே உதவும்.

சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) வருகிறது. நிறுத்திவிடலாமா?

உயர்நிலை மூன்றில் எங்கள் வகுப்பிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். பையன்கள் அவ்வளவு போவதில்லை. தேர்வு இருவருக்கும் ஒன்றுதான். ஏன் பெண்ணுக்கு மட்டும் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டாக இருக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, ஒருவர் பேச்சை மாற்றி வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசினார்.

என் மகள் வாரம் மூன்று நாளை ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டாள். அந்த ஒரு நாள் அவள் வீட்டில் எரிந்துவிழுவதில்லை. கணக்கு மதிப்பெண் பற்றிய முடிவு தேர்வுக்குப் பிறகு தெரியும்.

அடுத்த ஆசிய விளையாட்டுகள் எப்போது, நமக்கு எத்தனை மணிக்கு?

ஜப்பானின் ஐச்சி-நாகோயாவில், 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. கராத்தே உண்டு. ஜப்பான் நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 10 என்றால் இங்கே 9. பதக்கச் சுற்றை மட்டும் பார்க்காதீர்கள், காலையிலேயே தொடங்கிவிடுங்கள். சித்தப்பா, குழுவில் முடிவை முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். போன முறை மகள் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.